கீறல் சி.டி.க்கு எந்த மென்பொருள்?

இந்த இதழ் முழுக்கச் சி.டி.தான். வைஃபை மெதுவாக இருக்கிறது, பிரிண்டர் தாளைக் கடிக்கிறது என்று எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி வாசகி: அப்பா சேர்த்துவைத்த கர்நாடக இசை சி.டி.கள் இருநூறுக்கு மேல் இருக்கின்றன. பலவற்றில் கீறல். விண்டோஸ் கணினியோடு வந்த பிளேயரிலேயே ஏற்றிப் பார்த்தேன். எந்தத் தவறும் காட்டாமல் ஏறிவிட்டது. கேட்டால் ஆலாபனைக்கு நடுவே 'டிக், டிக்' என்கிறது. கீறலைச் சரிசெய்து ஏற்றும் மென்பொருள் எது?

கீறலைச் சரிசெய்யும் மென்பொருள் கிடையாது. அப்படி யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். கீறல் விழுந்த இடத்தைச் சலிக்காமல் திரும்பத் திரும்பப் படிக்கவும், அப்படியும் முடியாவிட்டால் அதை ஒளிக்காமல் சொல்லவும் மட்டுமே ஒரு மென்பொருளால் முடியும். உங்கள் பிளேயர் தவறே காட்டவில்லை என்கிறீர்களே, கோளாறு அங்கேதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ரகம் அது.

இதற்குக் காரணம் சி.டி.யின் பிறப்பிலேயே இருக்கிறது. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து 1980-ல் வகுத்த ஆடியோ சி.டி. முறையில், ஒரு வினாடி இசை 75 செக்டர்களாக, அதாவது சிறு துண்டுகளாக, எழுதப்படுகிறது. ஒரு செக்டருக்கு 2352 பைட். இந்த விவரங்கள் வரிசையாக எழுதப்படுவதில்லை, கலைத்துப் போட்டுத் தகட்டில் பரப்பப்படுகின்றன. பேரேட்டில் ஒரு பக்கம் கிழிந்தாலும் எந்தக் கணக்கும் மொத்தமாகப் போகாமல், கணக்குக்கு ஒரு வரி மட்டும் போகும்படி எழுதிவைத்தால் எப்படியோ, அப்படி. மிச்ச வரிகளை வைத்து, போன வரியைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். தடத்தின் போக்கில் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை விவரம் அழிந்திருந்தாலும் இந்த ஏற்பாடு ஒரு பிசிறு இல்லாமல் மீட்டுவிடும். அதைத் தாண்டினால், டிரைவ் முன்னும் பின்னும் உள்ள ஒலி அளவுகளைப் பார்த்து நடுவில் உத்தேசமாக ஒன்றை இட்டு நிரப்பும். அதுவும் முடியாதபோதுதான் உங்களுக்கு 'டிக்' கேட்கிறது. சாதாரண பிளேயர் இந்த உத்தேசத்தையும் அசலையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. வந்ததை வாங்கி எழுதிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறது.

விண்டோஸ் வைத்திருப்பதால் உங்களுக்கு நான் சொல்வது எக்ஸாக்ட் ஆடியோ காப்பி. இலவசம். ஆண்ட்ரே வீட்ஹாஃப் என்ற ஜெர்மானியர் எழுதியது. தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. தோற்றமும் அந்தக் காலத்துத் தோற்றம்தான், அதற்காக முகம் சுளிக்காதீர்கள். இதன் 'செக்யூர்' முறையில் ஒவ்வொரு செக்டரும் குறைந்தது இரண்டு முறை படிக்கப்படுகிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் 16 முறை படித்து, அதில் 8 ஒரே மாதிரி வந்தால்தான் ஏற்றுக்கொள்கிறது. வரவில்லையா, மறுபடி 16. மிக மோசமான செக்டர் 82 முறை வரை படிக்கப்படும். அதற்கும் மசியவில்லை என்றால், எத்தனையாவது நிமிடத்தில் எந்த வினாடியில் சந்தேகம் என்று அறிக்கையில் எழுதிவைக்கும். இருநூறு தகடுகளையும் உட்கார்ந்து கேட்கும் வேலை உங்களுக்கு மிச்சம்.

காசு கொடுக்கத் தயார் என்றால் டிபிபவர்ஆம்ப் இருக்கிறது. இதே வேலையைச் செய்யும். முகப்பு தெளிவானது, அமைப்பு எளிது. நூற்றுக்கணக்கான தகடுகளை வைத்திருப்பவர்களுக்கு அந்தக் காசு வீண் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் மென்பொருளுக்கு முன்னால் டிரைவைக் கவனியுங்கள். ஒரே தகட்டை ஒரு டிரைவ் கையை விரித்துவிட, இன்னொன்று அலட்டிக்கொள்ளாமல் படித்துவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். யு.எஸ்.பி.யில் செருகும் மெல்லிய டிரைவ்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அதிலும் ஹப் வழியாகச் செருகினால் மின்சாரம் போதாமல் திணறும். நேரே கணினியில் செருகுங்கள். பழைய மேசைக் கணினியைக் காயலான் கடைக்குப் போடப்போகிறவர் யாராவது தெரிந்தால், அதிலுள்ள பெரிய டிரைவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கணினியோடு இணைக்கும் அடாப்டர், தனி மின்இணைப்போடு, கடைகளில் கிடைக்கிறது.

சேலம் வாசகர்: எக்ஸாக்ட் ஆடியோ காப்பியை ஏற்கெனவே நிறுவிவிட்டேன். அதில் இருக்கும் கட்டங்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. எதை டிக் செய்வது, எதை விடுவது?

முக்கால்வாசியைத் தொட வேண்டாம். முதலில் வரும் வழிகாட்டி, வேகம் வேண்டுமா துல்லியம் வேண்டுமா என்று கேட்கும். துல்லியம் என்று சொல்லுங்கள்.

பிறகு எஃப்10 விசையை அழுத்தினால் டிரைவ் அமைப்பு திறக்கும். 'எக்ஸ்ட்ராக்‌ஷன் மெத்தட்' பகுதியில் 'செக்யூர் மோட்' தேர்வாகி இருக்க வேண்டும். அதன் கீழே மூன்று கட்டங்கள். முதலாவது 'அக்யூரேட் ஸ்ட்ரீம்': இன்றைக்குப் புழக்கத்தில் உள்ள டிரைவ்கள் எல்லாவற்றிலும் அநேகமாக உண்டு, டிக் இருக்கட்டும். இரண்டாவது 'டிரைவ் கேஷஸ் ஆடியோ டேட்டா'. இதுதான் கீறல் தகடுகளுக்கு உயிர்நாடி. பல டிரைவ்கள் ஒருமுறை படித்ததைத் தம் நினைவகத்தில் வைத்துக்கொள்கின்றன. மறுபடி படி என்றால் தகட்டுக்குப் போகாமல் நினைவகத்தில் இருப்பதையே எடுத்து நீட்டிவிடும். முதலில் தவறாகப் படித்ததையே எட்டு முறை ஒப்பித்தால், எட்டும் ஒத்துப்போகத்தானே செய்யும்! மென்பொருளும் ஏமாந்து 'சரி' என்று எழுதிவிடும். இந்தக் கட்டத்தை டிக் செய்தால், ஒவ்வொரு முறையும் நினைவகத்தைக் காலிசெய்துவிட்டுத் தகட்டுக்கே போகச் சொல்லும். நேரம் கூடும், கூடட்டும். உங்கள் டிரைவ் எந்த ரகம் என்பதை அங்கேயே ஒரு பொத்தானை அழுத்திச் சோதிக்கலாம். சந்தேகமாக இருந்தால் டிக் செய்துவிடுங்கள்.

மூன்றாவது 'சி2'. 'இந்த இடத்தில் பிழை' என்று டிரைவ் தானே கைதூக்கிச் சொல்லும் வசதி. டிரைவ் நேர்மையாகச் சொன்னால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் எல்லா டிரைவும் எல்லாப் பிழையையும் சொல்வதில்லை. எனவே கீறல் தகடுகளுக்கு நான் இதை அணைத்தே வைப்பேன். நல்ல தகடுகளை மட்டும் ஏற்றுகிறவர்கள் விருப்பம்போல் செய்துகொள்ளலாம்.

அடுத்து எஃப்9. இதில் 'எரர் ரெகவரி குவாலிட்டி' என்பதை 'ஹை' ஆக்குங்கள். பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள மௌனத்தை வெட்டும் கட்டம் இருந்தால் அணைத்துவிடுங்கள். கச்சேரிப் பதிவுகளில் ஒரு தடத்தின் கடைசி அரை வினாடியும் அடுத்த தடத்தின் முதல் அரை வினாடியும் ஒட்டியே இருக்கும். வெட்டினால் தனி ஆவர்த்தனத்தின் நடுவில் தாளம் தப்பிப் போகும். ஒலியளவைச் சமப்படுத்தும் 'நார்மலைஸ்' வேண்டவே வேண்டாம். குறிப்பிட்ட நேரம் ஓடியபின் டிரைவை ஆறவிடும் வசதி ஒன்று இருக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு அதை டிக் செய்வது புண்ணியம். மோசமான ஒரு பாட்டே மணிக்கணக்கில் ஓடும், டிரைவ் கொதித்துவிடும்.

'ஆஃப்செட்' பற்றிப் பலர் பயமுறுத்துவார்கள். ஒவ்வொரு ரக டிரைவும் பாட்டை ஒரு கணம் முன்னாலோ பின்னாலோ தொடங்குகிறது. பல டிரைவ்களில் அந்த வித்தியாசம் வெறும் ஆறு சாம்பிள், அதாவது ஆறு ஒலி அளவுகள். வினாடிக்கு 44,100 சாம்பிள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். காதுக்கு இதில் ஒன்றுமில்லை. ஆனால் 'அக்யூரேட்ரிப்' என்ற பொதுத் தரவுத்தளத்தில், இதே தகட்டை ஏற்றிய மற்றவர்களின் முடிவோடு உங்களுடையதை ஒப்பிட இது சரியாக இருக்க வேண்டும். அந்தத் தரவுத்தளத்தில் உள்ள தகடு ஒன்றைச் செருகினால் மென்பொருளே கணித்துப் போட்டுக்கொள்ளும். உலகமெங்கும் விற்ற ஆங்கில ஆல்பம் ஏதாவது ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கிச் செருகுங்கள். நம் தகடுகள் பலவும் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை.

பட்டியலில் இல்லாத தகடுகளுக்கு 'டெஸ்ட் அண்ட் காப்பி'தான் சாட்சி. ஒருமுறை படித்துக் கணக்கெடுக்கும், மறுபடி படித்து எழுதும். இரண்டின் சி.ஆர்.சி. என்ற சரிபார்ப்பு எண்ணும் ஒன்றாக இருந்தால் நிம்மதியாக அடுத்த தகட்டுக்குப் போகலாம்.

திருநெல்வேலி வாசகர்: அறிக்கையில் ஒரு பாட்டுக்கு 'டிராக் குவாலிட்டி 99.7' என்று இருக்கிறது. நூறு இல்லை என்றால் பாட்டில் குறை என்று அர்த்தமா?

இல்லை. நூறுக்குக் கீழே இருந்தால் சில இடங்களைத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது என்று பொருள். அதற்குக் கீழ் வரியைப் பாருங்கள். 'காப்பி ஓகே' என்றிருந்தால் எல்லாம் மீட்கப்பட்டுவிட்டது. 'காப்பி ஃபினிஷ்ட்' என்றிருந்தால்தான் வம்பு. நகல் முடிந்தது என்கிறதே தவிர, சரி என்று சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய அறிக்கையில் நான்காம் பாட்டுக்கு 'ஓகே' இருக்கிறது, சி.ஆர்.சி. இரண்டும் பொருந்துகின்றன. ஏழாம் பாட்டுக்கு 99.9 இருந்தும் 'ஃபினிஷ்ட்', மேலே 'சஸ்பிஷியஸ் பொசிஷன்' என்று ஒரு வினாடி குறிக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் நான்காம் பாட்டைப் பார்த்துக் கவலைப்பட்டிருக்கிறீர்கள், பார்க்க வேண்டியது ஏழாம் பாட்டை.

கும்பகோணம் வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் போகும் என்கிறார்களே?

சில நேரம் போகும். ஆனால் அது கடைசி வைத்தியம், முதல் வைத்தியம் இல்லை.

தகட்டைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். பளபளக்கும் அடிப்பக்கத்தில் இருப்பது 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள பாலிகார்பனேட். லேசர் அதை ஊடுருவித்தான் மேலே போகிறது. பாட்டு எழுதப்பட்டிருப்பது அந்தப் பிளாஸ்டிக்கின் மேல்புறம், பெயர் அச்சிட்ட பக்கத்துக்குச் சற்றே கீழே. அதன்மேல் ஒரு மெல்லிய வார்னிஷ் பூச்சு மட்டும்தான் காவல். ஆகவே எல்லோரும் பயப்படுகிற அடிப்பக்கக் கீறல் பிழைக்கக்கூடியது. அச்சுப் பக்கத்தில் பேனா முனையாலோ நகத்தாலோ ஆழமாகக் கீறியிருந்தால் அங்கே பாட்டே உரிந்து போயிருக்கும். தகட்டை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசி ஓட்டை போல் வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் எதுவும் மிச்சமில்லை. பற்பசை ஒன்றும் செய்யாது.

கீறலின் திசையையும் கவனியுங்கள். மையத்திலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும் கீறல், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புள்ளியை மட்டும் கெடுக்கும். திருத்தும் ஏற்பாடு சமாளித்துவிடும். வட்டமாகத் தடத்தோடு ஒட்டி ஓடும் கீறல் சின்னதாக இருந்தாலும் மோசம், தொடர்ச்சியாக விழுங்கிவிடும். அதனால்தான் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காதீர்கள், மையத்திலிருந்து வெளியே நேராக இழுங்கள் என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் கழுவுங்கள். வெதுவெதுப்பான நீர், பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு ஒரு சொட்டு, துவைத்துத் துவைத்து மென்மையான பழைய வேட்டித் துண்டு. கைரேகை, எண்ணெய்ப் பிசுக்கு, பிளாஸ்டிக் உறை ஒட்டிய கறை எல்லாம் இதிலேயே போகும்; 'கீறல்' என்று வருகிறவற்றில் பல வெறும் அழுக்குதான். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கி பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக் வெளுத்துவிடும்.

கழுவியபின் ஏற்றுங்கள். எந்தெந்தப் பாட்டு வந்ததோ அவற்றைப் பத்திரப்படுத்துங்கள். அதற்குப் பிறகும் வராத பாட்டு இருந்தால் மட்டும் பற்பசை. வெள்ளைப் பசையாக இருக்கட்டும், ஜெல் வேண்டாம். அடிப்பக்கத்தில் மட்டும், கீறலின் மேல் மட்டும், நேர்கோட்டில், மெதுவாக. கீறலின் கூர்மையான விளிம்புகள் மழுங்கினால் லேசர் சிதறாமல் உள்ளே போகும், அவ்வளவுதான் இதன் தத்துவம். தேய்த்தபின் மெல்லிய மங்கல் தெரியும், பயப்பட வேண்டாம். ஆழமான கீறலுக்கு இது உதவாது. ஏற்றி முடிப்பதற்கு முன்பே பற்பசையை எடுத்தவர்களின் தகடுகள் என்னிடம் வரும்போது, நன்றாக இருந்த பாட்டும் சேர்ந்து போயிருக்கிறது.

ஈரோடு வாசகர்: காரில் தடங்கல் இல்லாமல் பாடுகிற தகடு, கணினியில் பிழை பிழை என்கிறது. எது உண்மை?

இரண்டும். காரில் உள்ள கருவியின் வேலை பாட்டை நிறுத்தாமல் ஓட்டுவது; உத்தேசமாக நிரப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். நகலெடுக்கும் மென்பொருளின் வேலை கணக்குக் கேட்பது.

மதுரை வாசகர்: தெருவோரக் கடையில் வாங்கிய 'நூறு பாடல்கள்' எம்.பி.3 தகடு. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி அதில் பாட்டே இல்லை என்கிறது.

அது சொல்வது சரிதான். உங்களிடம் இருப்பது ஆடியோ சி.டி. இல்லை, கோப்புகள் எழுதிய டேட்டா தகடு. இதில் உங்களுக்கு ஒரு லாபம் உண்டு. டேட்டா தகட்டில் 2352 பைட் செக்டரில் 2048 மட்டுமே கோப்புக்கு. மீதியில் முகவரியும் கூடுதல் பிழைதிருத்தக் குறிப்புகளும் இருக்கின்றன. அதனால் ஒரே அளவு கீறலுக்கு இது கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும்.

கோப்புகளை இழுத்துப் போட்டு நகலெடுக்காதீர்கள். ஒரு செக்டர் முரண்டு பிடித்தால் விண்டோஸ் மொத்தக் கோப்பையும் கைவிட்டுவிடும். லினக்ஸில் ஜி.என்.யு. டிடிரெஸ்க்யூ என்று ஒரு கருவி உண்டு. பென்டிரைவில் லினக்ஸ் ஏற்றித் தொடக்கினாலே போதும். செக்டர் அளவை 2048 என்று கொடுங்கள். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட பகுதிகளைக் கடைசியில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். எதெல்லாம் வரவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்ளும். அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு அதே தகட்டை வேறொரு டிரைவில் போட்டால், விட்டுப்போனதை மட்டும் படிக்கும். எனக்குப் பிடித்ததே இதுதான்: ஒரு டிரைவ் விட்டதை இன்னொன்று பிடித்துவிடும். கடைசியில் ஒரு செக்டர் வராமலே போனாலும் குடி முழுகிவிடாது. 128 கிலோபிட் எம்.பி.3-ல் 2048 பைட் என்பது வினாடியில் எட்டில் ஒரு பங்கு இசை. ஒரு சிறு விக்கல்.

புதுச்சேரி வாசகி: எங்கள் வீட்டில் விண்டோஸே கிடையாது. லினக்ஸும் ஒரு மேக்கும் இருக்கின்றன.

மேக்கில் எக்ஸ்.எல்.டி. போதும். இலவசம், பாதுகாப்பாகப் படிக்கும், அக்யூரேட்ரிப்போடு ஒப்பிடும், அறிக்கையும் தரும்.

லினக்ஸில் விப்பர் என்ற கருவி இதே கண்டிப்போடு வேலை செய்கிறது, ஆனால் கட்டளை வரியில். சுட்டியால் சொடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஃப்ரீ-ஏசி. இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது பெரும்பாலும் சிடிபாரனோயா என்ற பழைய நிரல்தான். அதை நேரடியாகவே ஓட்டிப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். முன்னேற்றப் பட்டையின் கோடியில் நிறுத்தற்குறிகளால் ஆன ஒரு குட்டி முகம். எல்லாம் சரியாக இருந்தால் சிரிக்கும், கீறலைக் கண்டால் முகம் வாடும், கைவிட்டால் அழும். இயல்பாக இருபது முறை முயன்றுவிட்டு அது தாண்டிப்போய்விடும். தாண்டாதே என்று கட்டளையிடும் 'இசட்' விருப்பத்தைச் சிறிய எழுத்தில் சேர்த்தால் விடாப்பிடியாக நிற்கும். பெரிய எழுத்தில் போட்டுவிடாதீர்கள், அது சோதனைகளையே அணைத்துவிடும். பெரிய எழுத்து 'ஏ' போட்டு ஓட்டினால் உங்கள் டிரைவ் நினைவகத்திலிருந்து ஒப்பிக்கும் ரகமா என்பதைச் சோதித்துச் சொல்லும்.

கோயம்புத்தூர் வாசகர்: எழுபது வயதுக் காதுக்கு, இழப்பில்லாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பு எதற்கு? எம்.பி.3 போதாதா?

கேட்பதற்குப் போதும். சேமிப்பதற்குப் போதாது. 74 நிமிடத் தகடு சுருக்காமல் சுமார் 780 எம்.பி. பிடிக்கும், ஃபிளாக்கில் அநேகமாகப் பாதி சொச்சம், ஒரு பிட்டும் இழக்காமல். இருநூறு தகடும் நூறு ஜி.பி. சுற்றளவில் அடங்கிவிடும். இவ்வளவு சிரமப்பட்டுக் கீறலிலிருந்து பிடுங்கி எடுத்ததை எம்.பி.3 ஆக்கிச் சிதைப்பானேன்? ஃபிளாக்கை இரண்டு இடத்தில் வையுங்கள். காருக்கு அதிலிருந்து எம்.பி.3 செய்துகொள்ளுங்கள்.

விழுப்புரம் வாசகர்: இது திருட்டு நகல் ஆகாதா?

காசு கொடுத்து வாங்கிய தகட்டை உங்கள் சொந்தக் கேட்புக்கு நகலெடுப்பது வேறு. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுகைக்கு இடம் தருகிறது. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது அதில் வராது.

மறுபடியும் காரைக்குடி வாசகி, அதே கடிதத்தின் பின்பக்கத்தில்: எல்லாம் செய்தும் ஒரு பாட்டு வரவில்லை என்றால்?

முதலில் க்யூடூல்ஸ் தரவுத்தளத்தில் தேடுங்கள். இது வெறுமனே ஒப்பிடுவதோடு நிற்பதில்லை. மற்றவர்கள் ஏற்றிய அதே அச்சுத் தகட்டின் பிழைதிருத்தக் குறிப்புகளையும் வைத்திருக்கிறது. உங்கள் நகலில் கொஞ்ச இடம் மட்டும் கெட்டிருந்தால், அந்தக் குறிப்பை வைத்துக் கெட்ட பிட்களையே கணக்கிட்டுத் திருத்திவிடும்; அசலோடு ஒரு பிட்டும் மாறாது. உங்கள் அப்பாவின் தகடு அதில் இருக்குமா என்பது அதிர்ஷ்டம். தேடுவதற்குக் காசில்லை.

அங்கே இல்லை என்றால் இரண்டாவது டிரைவ், பிறகு மூன்றாவது. படிக்கும் வேகத்தை நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று மாற்றிப் பாருங்கள். மெதுவாக ஓட்டினால்தான் நல்லது என்று ஒரு நம்பிக்கை உண்டு; சில டிரைவ்கள் நடுத்தர வேகத்தில்தான் ஒழுங்காகப் படிக்கின்றன. நாற்பது நிமிடப் பல்லவி ஒரே தடமாக இருந்தால் முழுவதையும் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள். 'காப்பி ரேஞ்ச்' மூலம் கெட்ட நிமிடத்தை மட்டும் எடுத்து, ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒட்டவைக்கலாம்.

அதுவும் பலிக்காவிட்டால், எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் நகல் முடிந்ததும் தெரியும் 'பாஸிபிள் எரர்ஸ்' பட்டியலைத் திறந்து, சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு இடத்தையும் போட்டுக் கேளுங்கள். காதில் படுகிற 'டிக்'கை மட்டும் அங்கேயே மழுக்கலாம். மழுக்கிய நகலை வேறு பெயரில் சேமியுங்கள், மழுக்காததையும் அறிக்கையையும் அழிக்காதீர்கள். எங்காவது ஒரு கடையில் இன்னொரு பிரதி அகப்பட்டால், எந்த நிமிடத்தை மட்டும் அதிலிருந்து எடுக்க வேண்டும் என்பது அந்த அறிக்கையில் இருக்கும்.